எழுபத்து மூன்றாம் நாள்

அருஷாவில் அன்று மேரு மலை தெரியவில்லை.
மேகம் இடுப்புவரை இறங்கியிருந்தது.
நான் மொழிபெயர்ப்பாளன்.
நீதிபதிகள் சொல்வதைக் கிருண்டியில் சொல்லி
நாட்கூலி வாங்குகிறவன்.

ஸ்பெசியோஸ் ருசிஸிச் சமவெளியிலிருந்து வந்திருந்தாள்.
இரண்டு இரவு, மூன்று பேருந்து.
குதிகால் வெடிப்பில் இன்னும் வயல் இருந்தது.
மடியில் மகனின் பள்ளிக்கூட அட்டை:
மெல்க்கியோர், ஒரு காது சற்றே விடைத்த பையன்.

அரசு வழக்கறிஞர் இரண்டு வாதம் வைத்தார்.
அவனை யாரும் பிடித்துப் போகவில்லை.
அப்புறம்,
பிடித்துப் போன நாளிலிருந்து
இரண்டு மாதக் கெடு தாண்டிவிட்டது.

முதலாவதற்குத் தலையாட்டினாள். பழகிய பேச்சு.
இரண்டாவதற்கு எழுந்துவிட்டாள்.
"நடக்காததற்கு
இவரிடம் மட்டும் தேதி எப்படி இருக்கிறது?"
அதை ஆங்கிலத்தில் சொன்னபோது
என் குரல் பணிவாகவே இருந்தது.
அதற்குத்தான் கூலி.

மனு பதிவானது எழுபத்து மூன்றாம் நாள்.
மிஞ்சிய பதின்மூன்றுக்கும் கணக்குச் சொன்னாள்:
காவல் நிலைய வாசலில் கஞ்சித் தூக்கோடு ஒன்பது,
"இங்கே இல்லை" என்பதை
எழுதித் தரச்சொல்லிக் கெஞ்சியது இரண்டு,
ஆட்டை விற்க ஒன்று.
"ஒரு நாள் சும்மா தூங்கிவிட்டேன்,
அதையும் எழுதிக்கொள்ளுங்கள்."

தீர்ப்பு நீளமில்லை.
மனித உரிமை இந்த மன்றத்தின் கையில் தரப்படவில்லை.
நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம்
மீறப்பட்டதா என்று மட்டும் பார்க்கலாம்,
அதுவும் காலத்தில் வந்தால்.
வருந்துகிறோம் என்றார் நடுவில் இருந்தவர்;
நிஜமாகவே வருந்தினார், கண்ணாடியைக் கழற்றினார்.

அதிகார வரம்பு என்பதற்கு
எனக்குச் சட்டென்று சொல் வரவில்லை.
நெல் விளைவிக்கிறவள் ஆயிற்றே என்று
வரப்பு என்றேன்.
இவர்களுடைய வரப்பு இங்கே முடிகிறது, அம்மா.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.
"எங்கள் வரப்பில் நண்டு உண்டு," என்றாள்.
"ராத்திரியெல்லாம் துளைக்கும்.
விடிந்தால் அடுத்த வயலில் தண்ணீர் நிற்கும்.
மடை திறந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள்."

மொழிபெயர்க்க வாய் திறந்தேன்.
மேடையில் நாற்காலிகள் மட்டும் இருந்தன.
எந்தப் பதிவேட்டிலும் அந்த நண்டு இல்லை.

வெளியே படியில் நின்று
இன்று என்ன தேதி என்று கேட்டாள்.
என் பேனாவை வாங்கி
அட்டையின் பின்னால் குறித்துக்கொண்டாள்.
எதை எண்ணத் தொடங்குகிறாள் என்று
நான் கேட்கவில்லை.
பேனாவையும் கேட்கவில்லை.