பெயர்ப் பொருத்தம்

கிருஷ்ணகிரி, லண்டன்பேட்டை,
பைக் உதிரிபாகக் கடைக்கு மேல்மாடி.
மாங்கூழ் ஆலைகள் தூங்கும் மார்கழி.
பதினோரு வருட எடைமேடை நிரலை
சப்வெர்ஷனிலிருந்து கிட்டுக்கு மாற்றுகிறோம்.

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது;
ஆனாலும் மாதேஷ் குறித்தான்:
பத்து மணிக்கு மேல் யாரும் எதையும் ஏற்றக்கூடாது.
பத்தே காலுக்கு இம்தியாஸ் ஒரு கமா ஏற்றினான்.
மறுபடி முதலிலிருந்து.

மாற்றும் கருவி ஒரு பட்டியல் கேட்டது.
இடப்பக்கம் பழைய பயனர் பெயர்,
நடுவில் சமக்குறி,
வலப்பக்கம் ஆளின் முழுப்பெயர், மின்னஞ்சல்.
ஒன்று குறைந்தாலும் நகராது,
பெண் பார்க்க வந்த இடத்தில்
குலதெய்வம் கேட்டு உட்கார்ந்த பெரியப்பா மாதிரி.

திம்மராயன் இப்போது பர்கூரில் கிரானைட் லாரி விடுகிறார்.
போனில் சிரித்தார்:
"பேரைப் போடு. மெயிலெல்லாம் மறந்தாச்சு."
நாகவேணிக்கு எந்த இனிஷியல்,
அப்பாவுடையதா கணவருடையதா என்று கேட்டோம்.
"எழுதினது நான்" என்றாள்.
புள்ளி இல்லாமல் போட்டோம்.

மிஞ்சியது அட்மின்.
முதல் மூன்று வருடம் ஆறு பேருக்கும் ஒரே கடவுச்சொல்,
ஃபேன் ரெகுலேட்டர் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது.
நானூற்றுப் பன்னிரண்டு திருத்தங்கள்
பிறக்கவே பிறக்காத ஒருவர் பெயரில்.

கம்பெனி பேரையே போட்டுவிடலாம் என்றான் மாதேஷ்.
பிரித்துப் போடுவோம் என்றாள் நாகவேணி.

ரசீதில் தமிழ் உடையாமல் வந்த திருத்தத்துக்கு
மூன்று பேர்.
கரண்ட் போனாலும் எடை அழியாமல் நிற்பதற்கு
இரண்டு பேர், கொஞ்சம் சண்டை.
ஜூன் மாதம் முழுக்க சர்வரைப் படுக்கவைத்த திருத்தம் வந்தபோது
எல்லோருக்கும் டீ குடிக்கத் தோன்றியது.

பிறகு 1187.
இரவு பதினொன்று ஐம்பத்திரண்டு.
குறிப்பு: "சரி பண்ணியாச்சு."
மாறியது ஒரே சொல்.
ரவுண்டு இருந்த இடத்தில் ஃப்ளோர்.
இருபது கிலோ மடங்கில் பில் போடும் ஆலையில்
நாலாயிரத்து இருநூற்றுப் பதினேழு கிலோ பெங்களூரா
அதுவரை நாலாயிரத்து இருநூற்று இருபது;
அன்றிலிருந்து நாலாயிரத்து இருநூறு.
ஒரு சீசன் முழுக்க.

மறுவருடம் யாரோ திரும்ப மாற்றியிருக்கிறார்கள்.
அதற்கு இரண்டு கை உயர்ந்தது.

ஆலையிலிருந்து போன் வந்தது எல்லோருக்கும் ஞாபகம்.
எடுத்தது யார் என்பதில்தான் இல்லை.

திரையைப் பெரிதாக்கினேன்.
அரைப்புள்ளிக்கு முன்னால் ஓர் இடைவெளி.
இந்த அறையில் அந்தப் பழக்கம் ஒருத்திக்குத்தான்.
இம்தியாஸும் பார்த்தான்.
டீ ஆறுது என்றான்.

பழையதில் வரலாறு ஒரே பெட்டியில்,
மேசைக்கடியில், காலில் இடிபட்டுக் கிடந்தது.
புதியதில் பிரதி எடுக்கும் ஒவ்வொருவர் மடியிலும்
முதல் நாளிலிருந்து முழுசாக இருக்கும்,
நேற்று சேர்ந்த பையன் மடியிலும்.

அந்த ஒரு எண்ணுக்குத் தனி வரி சேர்த்து
சமக்குறிக்கு வலப்பக்கம் தட்டினேன்.

முடியும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது.
கிட்டில் 1187 இல்லை,
நாற்பது எழுத்துக் குழப்பமாகிவிட்டது.
நாகவேணி தேதி வைத்துத் தேடிப்போனாள்.
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செண்பகலட்சுமியா?
இத்தனை வருஷமா
வெறும் செண்பான்னே நெனச்சிட்டிருந்தேன்."