இரட்டைப்படைத் தேதிகளில்

பெயரிலேயே அஞ்சல் இருக்கிறதே என்று
இருபத்தெட்டு வருடமாய்க் கேலி.
அஞ்சலாட்சி, கடிதம் பிரிப்பவள்,
மஞ்சக்குப்பம் தலைமை அஞ்சலகம்.
பார்ப்பதற்குள் கை போய்விடும் அடுக்கறைக்கு:
நூற்றாறு பண்ருட்டி,
நூற்றைந்து நெல்லிக்குப்பம்.

ஆடியில் ஒரு செவ்வாய்
நெல்லிக்குப்பத்து உறை கையில் இருக்க
அறை எதுவென்று தெரியவில்லை.
கல்யாண வீட்டில் தெரிந்த முகத்துக்குப் பெயர் வராவிட்டால்
சிரித்துச் சமாளிப்போமே,
அப்படி அந்த உறையைப் பார்த்துச் சிரித்தேன்.

மெக்னீசியம், என்றான் தனவேல்.
அவன் மச்சினன் சிப்காட்டில் வேலை,
அதனால் ரசாயனத்தில் அவன் சொல்லே தீர்ப்பு.
"மூளைக்கு நல்லதுக்கா. அறுபது மாத்திரை, எண்ணூறு ரூபாய்."

எனக்குத் தெரிந்த மெக்னீசியம்
ஒன்பதாம் வகுப்பில் இடுக்கியில் எரிந்த நாடா.
நேராகப் பார்க்காதீர்கள் என்றார்கள்.
பார்த்தேன்.
சாயங்காலம்வரை எந்தப் பக்கம் திரும்பினாலும்
கண்ணுக்குள் வெள்ளையாய் ஒரு கோடு.

முதுநகர் மருந்துக்கடையில் பல்கீஸ்
டப்பாவை மேடையில் வைத்தாள்,
மேலிருந்து கையை எடுக்கவில்லை.
"உடம்புல குறைச்சலா இருந்தா உதவலாம்.
குறைச்சலே இல்லாதவங்களுக்குப் புத்தி கூடும்னு
அடிச்சுச் சொல்ல ஆளில்லை.
ஒரு ஆய்வு ஆமாங்குது, இன்னொண்ணு உதட்டைப் பிதுக்குது.
கிட்னி சரியா இருக்கா? பி-பன்னிரண்டு பாத்தாச்சா?
தூக்கம் எப்படி?"

தூக்கமா.
தீட்டு நின்ற நாளிலிருந்து
ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிவிடுகிறது உடம்பு,
ரயிலைப் பிடிக்க வேண்டியவளை எழுப்புவதுபோல.
"அதைச் சொல்லுங்க முதல்ல. எங்கிட்ட இல்ல, டாக்டர்கிட்ட."
அப்புறம், விற்கிறவள் சொல்லக்கூடாத ஒன்றை
மெதுவாகச் சொன்னாள்:
"உடைச்ச முந்திரி வாங்குங்க. கீரை தின்னுங்க.
அதுலயும் இருக்கு."

டப்பாவையும் வாங்கினேன், முந்திரியும் வாங்கினேன்.

கணக்கில் வராததை நான் நம்புகிறதில்லை.
இரட்டைப்படைத் தேதியில் மாத்திரை,
ஒற்றைப்படையில் கிடையாது.
தப்பான அறையில் விழுந்த ஒவ்வொரு உறைக்கும்
சிவப்பு நோட்டில் ஒரு கோடு.
முதல் வாரம் வயிறு இளகி
கழிவறைக்கும் மேசைக்கும் நடந்ததில்
தப்புச் செய்ய நேரமே கிடைக்கவில்லை.

பதினாறாம் தேதி
மாத்திரை போட்டேனா?
எண்ணினேன். ஐம்பத்திரண்டு இருந்தது.
அப்படியானால் எட்டு போயிருக்கிறது, சரி.
ஆனால் நடுவில் ஒருநாள்
தனவேலுக்கு ஒன்று கொடுத்தேனோ?
அவனைக் கேட்டேன்.
அவனுக்கும் ஞாபகமில்லை.

ஆராய்ச்சி அன்றோடு முடிந்தது.
நெல்லிக்குப்பம் என்னவோ
அந்தச் செவ்வாய்க்கு மறுநாளே திரும்பி வந்துவிட்டது,
மாத்திரை வாங்குவதற்கு முன்னாலேயே.
பல்கீஸிடம் இதைச் சொல்லவில்லை.

இரண்டாயிரத்து ஐந்து, ஜனவரி பத்து.
தேவனாம்பட்டினத்துக்கு ஒரு பொங்கல் வாழ்த்து,
ஓரமெல்லாம் மினுக்குப் பொடி.
செல்வி ச. மதுரவேணி, கதவு எண் நாற்பத்தொன்று.
போன வேகத்தில் திரும்பி வந்தது.
விலாசதாரர் இல்லை:
வீடு மாறிப் போனவர்களுக்கும் அதே முத்திரைதான்,
நம்மிடம் வேறு இல்லை.
குத்தினேன்.
விரலில் ஒட்டிய மினுக்கு
சோப்புக்கும் போகாமல் மூன்று நாள்.

இதற்கு நான் எந்த மாத்திரையும் போட்டதில்லை.

டாக்டருக்கு வியாழக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன்.
உள்ளங்கையில் எழுதியிருக்கிறேன்.
இப்போது மணி இரண்டு,
துறைமுகத்தில் படகுகள் இஞ்சின் போடுகிற சத்தம்.
ஒற்றைப்படைத் தேதியா என்று பார்க்காமல்
முந்திரி மெல்கிறேன்.
நூற்றாறு பண்ருட்டி.
நூற்றைந்து நெல்லிக்குப்பம்.
நாற்பத்தொன்று.