வினை கடைசியில் வரும்

கோஜே தீவுக்கு வந்த பதினோராம் வாரம்
மீன்கடையில் நின்றுகொண்டு
"வாளைமீன் எழுந்தருளியிருக்கிறாரா?"
என்று கேட்டுவிட்டேன்.
கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள் ஓம் சோக்-ஹ்வா.
பிறகு பெட்டியைத் திறந்து
பனிக்கட்டிமேல் நீட்டிப் படுத்திருந்த வெள்ளி உடம்பைக் காட்டி
"இருக்கிறார், இப்போதுதான் கண்ணசந்தார்" என்றாள்.

மரியாதை எங்கே ஒட்டும், எங்கே ஒட்டாது?
என்னிடம் பசை மட்டும்தான் இருந்தது.

கிரிம்ஸ்பியில் வளர்ந்தவள் நான்.
எங்கள் வாக்கியத்தில் ஆள் முதலில் வருவான்,
அடுத்த மூச்சிலேயே அவன் செய்தது வந்துவிடும்.
எங்கே, எப்போது, ஏன் எல்லாம்
மூட்டை தூக்கிக்கொண்டு பின்னால் வரும்.
இங்கே மூட்டைகள் முன்னால் போகின்றன.
ஆள் வந்தாலும் வருவான், வராவிட்டாலும் குற்றமில்லை.

புதன்கிழமைகளில் நூலகத்தின் மூன்றாம் மாடி.
பியோ மி-ரானுக்கு என்னைவிடப் பத்தொன்பது வயது குறைவு.
என் நோட்டில் வரிக்கு வரி நான், நான், நான்.
பேன் பார்க்கிறவளைப் போல
ஒவ்வொன்றாய் அடித்துக்கொண்டே போவாள்.
"வீட்டில் தனியாக இருந்தீர்கள் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்,
பிறகு வேறு யார் சாப்பிட்டிருப்பார்கள்?"

அப்புறம் இந்த ஒட்டுகள்.
பெயருக்குப் பின்னால் நுன் போடலாம், கா போடலாம்.
இரண்டுக்கும் இங்கிலீஷில் ஒன்றும் கிடையாது.
மி-ரான் படம் போட்டாள், அம்பு போட்டாள்,
கடைசியில் "போகப் போகத் தெரியும்" என்றாள்.
மூன்று பேனா தீர்ந்தது.
போகவுமில்லை, தெரியவுமில்லை.

நவம்பர். செவ்வாய். காலை பத்தேகால்.
அலிஸ்டரின் கப்பல்தளத்திலிருந்து ஒரு குரல்.
தோ என்று பெயர் சொன்னது. மன்னிப்புக் கேட்டது.
அதன் பின்னால் சைரன்.
பிறகு தொடங்கியது:
இன்று காலை,
காற்று பலமாக வீசிய காரணத்தால்,
நான்காம் கிரேனின் மேல்தட்டிலிருந்து,
அலிஸ்டர் அவர்கள்

(பெயரோடு ஒரு நுன் ஒட்டியிருந்தது.
காதில் விழுந்தது, எதற்கென்று விளங்கவில்லை.)

என் மொழியாக இருந்தால் இதற்குள் தெரிந்திருக்கும்.
அழுவதா, உட்காருவதா,
எதையாவது செய்ய ஆரம்பித்திருப்பேன்.
இங்கே ஒருவன் மேலே இருக்கிறான்,
காற்று இருக்கிறது, உயரம் இருக்கிறது,
வினை மட்டும் வந்து சேரவில்லை.
அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது.

விழ

என்றது குரல். இருமியது.
இருமல் நிற்கவில்லை. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.
குடிக்கிற சத்தம் கேட்டது,
மூன்று மிடறு,
எண்ணினேன்.

வில்லை

என்றது.
"தலைக்கவசம் கா விழுந்தது."

கவசத்தோடு வந்த அந்தக் கா
விழுந்தது எது என்று விரல் நீட்டியது.
அப்போதுதான் அந்த நுன் திரும்பக் கேட்டது:
விழுந்தவற்றின் பக்கத்திலிருந்து
அவனைத் தோளைப் பிடித்து இந்தப் பக்கம் நகர்த்தி நிறுத்தியிருந்தது,
நான் பயப்படத் தொடங்கும் முன்பே.
சொல்லித்தான் இருந்தார்கள். எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

கீழே நின்ற லாரியின் கண்ணாடி போய்விட்டதாம்.
அறிக்கையில் எழுத பாஸ்போர்ட் எண் வேண்டுமாம்.
அதற்குத்தான் போன்.
எண்ணைச் சொன்னேன், ஏழை ஒன்று என்று மாற்றி.
மறுபடி அழைத்தார்கள்.

மறுநாள் அந்த இரண்டு வாக்கியத்தையும் பலகையில் எழுதினேன்.
மி-ரான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.
கவசத்தில் ஒரு எழுத்தைத் திருத்தினாள்.
"எங்கே பிடித்தீர்கள் இந்த உதாரணத்தை?"

ஆனால் அன்று இரவைச் சொல்ல விட்டுவிட்டேன்.
அலிஸ்டர் காலுறையைக் கழற்றிக்கொண்டே
"போன் பண்ணினார்களாமே, என்ன சொன்னார்கள்?" என்றான்,
நெற்றியில் கவசத்தின் பட்டை அழுத்திய தடம்
இன்னும் சிவப்பாக.
இன்று காலை, என்றேன்.
காற்று பலமாக வீசியதால், என்றேன்.
நான்காம் கிரேனிலிருந்து நீ, என்றேன்.
"அட, சீக்கிரம் சொல்லேன்" என்றான்.
சொல்லவில்லை.
வினையை நாக்கடியில் ஒதுக்கிக்கொண்டு
அவன் இன்னொரு காலுறையைக் கழற்றுவதைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.