ஏற்றுக்கூலி

பதினொரு பிள்ளைகள் காணாதாம்.
வலயத்திலிருந்து கடிதம் வந்து
திங்கள் பூட்டு.
செவ்வாய், என் உழவு மெசின் பெட்டியில்
இருபத்தாறு மேசை, ஒரு மணி,
அதிபரின் கால் உடைந்த கதிரை.

கனகராயன் ஆறு தாண்டிக்
கிளிநொச்சி மட்டும்
கிரவல் றோட்டில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டே வந்தன.

இங்கே தரம் ஆறில் ஐம்பத்தெட்டுப் பேர்.
நடுவில் இருப்பவன் எழுத
ஓரத்தில் இருப்பவன் எழும்ப வேணும்.
"மேசைக்கு இடமில்லை அண்ணை,
சைக்கிள் கொட்டிலுக்குள்ள இறக்குங்கோ."

இறக்கினேன்.
மூவாயிரத்து ஐந்நூறு.
கையெழுத்துப் போட ஒரு மேசையைத் துடைத்தால்
கவராயத்தால் கீறினபடி
'நிதுர்ச'.
மிச்சம் கீற அவளுக்கு நாள் கிடைக்கவில்லை.

நாளைக்கு மகளையும் ஏற்ற வேணும்.
ஐந்தேகால் பஸ்.
யானை நிற்கிற வளைவில்
அவன் சிலவேளை நிற்பாட்டுவதில்லை.