கீழிருந்து குடிப்பவை

பாரிமுனைச் சந்தில் கடைக்காரர்
கறுப்புத் தொட்டியைத்தான் முதலில் எடுத்து நீட்டினார்.
வேண்டாம் என்றேன்.
அயனாவரத்தில் என் ஜன்னல் மேற்கு பார்த்தது.
கத்திரி வெயிலில் கறுப்பு
வேரை இட்லி மாதிரி அவித்துவிடும்.

வெள்ளை. இரண்டடி நீளம்.
மேலே மண், கீழே ஆறு லிட்டர் தண்ணீர்,
நடுவே ஒரு சல்லடைத் தட்டு.
ஓரத்துக் குழாயில் சிவப்பு மிதவை,
தண்ணீர் இருக்கும்வரை தலை நிமிர்ந்து நிற்கும்.
"தானே குடிச்சுக்கும்மா" என்றார்.
கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டு,
"டயாலிசிஸ் நர்ஸா?
அப்ப தண்ணிக் கணக்கு உங்களுக்குத் தெரியாததா!"

தெரியும்.
தேவசகாயம் சாருக்கு நாளொன்றுக்கு எழுநூறு மில்லி.
காபி அதில் சேர்த்தி. ரசம் சேர்த்தி.
மாத்திரை விழுங்கும் அந்த ஒரு வாயும் சேர்த்தி.

திரி இரண்டு கொடுத்திருந்தார்கள்.
விளக்கில் எண்ணெயை நெருப்புக்கு ஏற்றும் அதே சொல்
இங்கே
இருட்டில் தண்ணீரை வேருக்கு ஏற்றுகிறது.

முதல் தடவை செம்மண்ணை அள்ளிப் போட்டேன்.
குடித்துக் குடித்துச் சேறாகி
நான்காம் நாள் புதினா காலை நீட்டியது.
மறுபடி தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம்,
புதுத் தண்டுகள்.
இம்முறை வாடின.
வேர் கீழே இறங்கி ஈரத்தைத் தொடும்வரை
பத்து நாள் மேலேதான் ஊற்ற வேண்டுமாம்.
அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருந்தது.
மருந்துச் சீட்டைப் படிக்காத நோயாளிகளை
நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன்!

மூன்றாவது பிழைத்தது.

ஐப்பசி மழையில் வழிவுத் துளை பெருகி
கீழ்வீட்டு ரெஜினாவின் கொடியில்
பிள்ளையின் வெள்ளைச் சட்டை பழுப்பானது.
படியேறி வந்து கத்தினாள். நியாயம்தான்.
தேதி கடந்து ஒதுக்கிய டிரிப் குழாய் ஒன்றைத்
துளையில் செருகி வாளிக்குள் விட்டேன்.
இப்போது மழை
சொட்டுச் சொட்டாக, எண்ணக்கூடிய வேகத்தில் இறங்குகிறது.

பிறகு மாநகராட்சியிலிருந்து வேதவல்லி.
ஒரு கையில் டார்ச், மறு கையில் சாக்பீஸ்.
"உள்ள தண்ணி நிக்குதா?"
நிற்கிறது என்றேன்.
"நிக்கக் கூடாதே."
குழாய்க்குள் வெளிச்சம் அடித்து நெடுநேரம் பார்த்தாள்.
புழு இல்லை.
"இன்னைக்கு இல்ல" என்று திருத்தினாள்.
கொசுவலைத் துண்டை ரப்பர் பேண்டால் கட்டும்வரை நின்று
சுவரில் தேதி எழுதிவிட்டுப் போனாள்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு.
கீழிருந்து ஏறுகிறபோது
உப்பையும் கூட்டிக்கொண்டே ஏறுகிறது.
மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்கு.
மாதம் ஒருமுறை மெட்ரோ தண்ணீர் ஒரு குடம் பிடித்து
மேலிருந்து மெல்ல ஊற்றி
உப்பைக் கழுவி வெளியே எடுக்க வேண்டும்.
இதை மட்டும்
எந்த அட்டைப்பெட்டியும் எனக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

சித்திரையில் ஆள் பற்றாக்குறை.
நாலு நாள் வீட்டுக்கும் வார்டுக்குமாக,
வீட்டில் தூக்கம் மட்டும்.
ஐந்தாம் நாள்தான் ஜன்னலைத் திறந்தேன்.
மிதவை அடியில் படுத்துக் கிடந்தது.
புதினா கம்பி தாண்டித் தெருவை எட்டிப் பார்த்தது.

தேவசகாயம் சாரிடம் சொன்னேன்.
மெஷின் நான்கு மணி நேரம் ஓடும்,
ஏதாவது பேசத்தான் வேண்டும்.
"ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கும்?"
அதுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு சார்.
கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.
"கொடுத்து வச்ச செடி."

மறுமுறை நான்கு இலை கிள்ளி
டப்பாவில் போட்டுக்கொண்டு போனேன்.
டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான்.
ஓர் இலையை நாக்கில் வைத்து
கண்ணை மூடிக்கொண்டார்.
மெல்லவில்லை, விழுங்கவுமில்லை.

அட்டவணையில்
நீர் என்ற கட்டத்துக்கு நேரே
பேனாவை வைத்தேன்,
எடுத்துவிட்டேன்.