எந்த வெளிச்சத்தில்

திருப்பூரில், காங்கயம் ரோட்டுச் சாயப்பட்டறை லேபில் எனக்கு வேலை.
பையர் அனுப்பிய துண்டுத் துணியின் நிறத்துக்கு
வெள்ளைத் துணியைக் கொண்டுவர வேண்டும்.
விளக்குப் பெட்டிக்குள் மூன்று விளக்குகள்:
பகல், கடை, வீடு.
மூன்றிலும் ஒன்றுபோல் நின்றால் கையெழுத்து.
ஒன்றில் பிசகினாலும்
எண்ணூறு கிலோ பச்சை மறுபடி மிஷினுக்கு.

பொழுதோட வீடு வந்தால்
எனக்கு வேறொரு பச்சை.

நான் பார்த்திராத அயர்லாந்தில்
நான் பிறக்குமுன் ஓடி ஓய்ந்த ரயில்.
பெட்டி ஒரு சாணுக்கு ஒரு விரல் கூட,
பித்தளைத் தகடு,
அடிக்கு நாலு மில்லிமீட்டர் கணக்கு.
அவர்கள் தண்டவாளம் ஐந்தடி மூன்று அங்குலம்,
நம்முடையது ஐந்தடி ஆறு.
மேசைமேல் அந்த வித்தியாசம்
ஒரேயொரு மில்லிமீட்டர்.
"ஒரு மில்லிய யாருங்க வந்து அளக்கப் போறாங்க?"
என்றான் லேத் பட்டறைச் சென்னியப்பன்.
நான் அளப்பேன் என்றேன்.
முனகிக்கொண்டே சக்கரம் கடைந்தான்.
"இது எங்கீங்க போகும்?"
மேசையோட அந்தக் கோடிக்கு.

நிறம்தான் வம்பு.
கிடைத்த படமெல்லாம் கறுப்பு வெள்ளை,
அதில் பச்சையும் சிவப்பும் ஒரே சாம்பல்.
மல்லோ என்ற ஊரிலிருந்து டெர்மட்
ஒரு தபால் உறை அனுப்பினார்,
உள்ளே பூசணி விதையளவு பெயிண்ட்ச் சில்லு.
பக்கத்து வயலில் பழைய பெட்டியொன்று
கோழிக்கூண்டாக நிற்கிறதாம்.
கதவுக் கீலுக்குப் பின்னால்
வெயில் படாத இடத்தில் சுரண்டியது.

பிளேடால் சீவினேன்.
மேலே கோழிக்காரர் அடித்த சுண்ணாம்பு.
அடியில் பச்சை.
அதற்கும் அடியில் நாவற்பழக் கறைபோல் ஒரு மெரூன்,
முந்தைய கம்பெனியுடையது.
ஒரு சில்லுக்குள் எத்தனை முதலாளிகள்.
பச்சையில் கையை நிறுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை, வாட்ச்மேன் மட்டும் இருந்த லேபில்
சொல்லாமல் மிஷினில் வைத்துப் படித்தேன்.
மஞ்சள், நீலம், ஊசிமுனையளவு கறுப்பு.
பதினேழாம் கலவை பொருந்தியது,
பகலிலும் கடையிலும் வீட்டிலும்.
கையெழுத்துப் போட ஆளில்லை,
நானே போட்டேன்.

அடித்து, காயவைத்து, மாடிக்கு எடுத்துப்போனால்
பங்குனி வெயிலில் அது பல்லிளித்தது.
துணி உலர்த்த வந்த கோகிலவாணி
"நல்லாத்தானே இருக்குது" என்றாள்,
"கரூர் மினிபஸ்ஸாட்ட."

நாலு மாதம் பனியன் துணி போட்டு மூடிவைத்தேன்.

டெர்மட்டின் அடுத்த கடிதத்தில் ஒரு வரி:
எங்கள் வானம்
வருசத்தில் பாதி நாள் பிழியாத துண்டு.

ஆடியில் ஆனைமலைக்கு, அவள் அக்கா வீட்டுக்குப் போனோம்.
பலகாரப் பைக்கு அடியில் பெட்டியை வைத்திருந்தேன்.
பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழைந்த மேகம்
தென்னந்தோப்புக்கு மேல் தாழ்ந்து நின்றது.
எதற்கும் நிழல் விழவில்லை.
தண்ணீர்த் தொட்டிச் சுவரில் பெட்டியை வைத்தேன்.
சாரல் அடிக்க அடிக்க
பச்சை உள்ளே இறங்கியது.
ஜன்னலுக்குக் கீழே
அரை மில்லிமீட்டர் இளங்கோடு
தானாக மேலெழுந்தது.
யாரோ ஈரக் கோட்டோடு இதில் ஏறியிருக்கிறார்,
கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெளியே பார்த்திருக்கிறார்
என்று முதல்முறை தோன்றியது.
இப்படியொரு விளக்கை
எந்தக் கம்பெனியும் விற்பதில்லை.

அக்கா மகன் இளமாறன்
மூக்கு இடிக்கக் குனிந்து எண்ணினான்.
"இந்தப் பக்கம் நாலு கதவு, சித்தப்பா.
அந்தப் பக்கம் அஞ்சு."
அந்தக் காலத்தில் அப்படித்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.
சட்டைப் பையில் இருந்த படத்தைப் பார்த்தேன்.
பிறகு இன்னொரு தடவை பார்த்தேன்.

ஒரு கதவை அடைக்க வேண்டும்.
ஈயம் நிரப்பி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து,
மறுபடி பச்சை.
ஹார்லிக்ஸ் பாட்டிலில்
பதினேழாம் கலவை கால்வாசி மிச்சம்.
இந்த மேகம் ஆவணி வரைக்கும் நிற்கும் என்கிறார்கள்.

டெர்மட்டுக்கு மழையைப் பற்றி எழுதினேன்.
கதவைப் பற்றி எழுதவில்லை.