எட்டாம் எழுத்து

தம்பெரே நகரில் பிப்ரவரி. மைனஸ் இருபத்திரண்டு.
பஸ்ஸிலிருந்து இறங்கும் ஹெல்காவின் அக்குளில்
உபரியாக நாலு பென்சில் பேட்டரி.
குளிரில் முதலில் சாவது அவைதாம்.
அடுத்தது திரை.
அம்புக்குறி நகர்ந்த பின்னும்
அதன் நிழல் பழைய கட்டத்திலேயே நிற்கும்,
வீட்டைக் காலி செய்யாத குடித்தனக்காரர் போல.

கேம்பாய்க்கு மொத்தம் நாலே குரல்.
இரண்டு சதுரம், முனை மழுங்காதவை.
ஒன்று வெறும் இரைச்சல், எங்களுக்கு அதுதான் முரசு.
மிச்சமுள்ளது நாமே செதுக்க வேண்டிய அலை:
முப்பத்திரண்டு படிகள்,
படிக்குப் பூஜ்ஜியம் முதல் பதினைந்துவரை உயரம்.
அதில் வயலின் கேட்டால் எங்கே போவது?

வால்யூம் உருளையின் காலிலேயே
இரண்டு கம்பிகளைப் பற்றவைத்தேன்,
ஒலி அழுக்காகும் முன் திருடிவிட.
துளை போட்டதில் பின்மூடி விரிந்தது.
நகப்பூச்சால் ஒட்டினாள். ஊதா.

ஹெர்வந்தாவின் பழைய சாமான் கடையில்
நாலு யூரோவுக்கு ஒரு மீன்பிடிக் கேம்.
விளையாட அல்ல.
சிப்பைப் பெயர்த்துவிட்டு
எங்கள் இசைநிரலைக் குடியேற்ற.
திறக்கும் முன் ஒரு தடவை போட்டுப் பார்த்தாள்.

வல்த்தெர்.

பெயருக்கு ஏழு கட்டம்தான்.
கடைசி ‘இ’
படகில் இடமில்லாமல் கரையில் நின்றுவிட்டது.
பிடித்த மீன் அறுபத்தொன்று.
இன்னும் ஒன்று சிக்கியிருந்தால்
வடக்கு ஏரி திறந்திருக்கும்.

உள்ளே காசளவு பேட்டரி ஒன்று
இருபத்தைந்து வருடமாக அவனை மறக்காமல் இருக்கிறது.
அதைக் கழற்றினால் அவன் இல்லை.
புதியதை வைத்தாலும் இல்லை.

யாரோ ஒரு பையன், என்றேன்.
இப்போது பல் டாக்டராக இருப்பான்,
தூண்டில் வாங்கித் தரச்சொல்லி
அவன் பையன் அழுதுகொண்டிருப்பான்.
ஹெல்கா சூட்டுக்கோலைத் தாங்கியில் வைத்துவிட்டுக்
காபி போடப் போனாள்.

இரண்டாவது கோப்பைக்குப் பிறகு
சேமிப்பு மொத்தத்தையும் கம்ப்யூட்டரில் இறக்கினாள்.
பெயர் தொடங்கும் இடத்திலிருந்து
விரல்விட்டு எண்ணினாள், பதினாறு பைட்.
பெயர், மீன் கணக்கு, கையிருப்புக் காசு,
எதற்கென்றே தெரியாத மூன்று எண்கள்.
ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிளந்தால்
முப்பத்திரண்டு.

அழகாக இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா?
ஈரத் தகரத்தில் பெஞ்சை இழுத்த சத்தம்.
வாய்விட்டுச் சிரித்தேன்.
அவள் இரண்டு ஸ்தாயி கீழே இறக்கினாள்.
கோப்பைக்குள் கரண்டி நடுங்கியது.
நான் வாயை மூடிக்கொண்டேன்.

பழைய பஞ்சாலை. கொதிகலன் அறை.
நாற்பது பேர், கோட்டைக் கழற்றாமல்.
என் பெட்டிக்கும் அவள் பெட்டிக்கும் நடுவே
ஒரு மீட்டர் கேபிள்.
கோபித்துக்கொண்டாலும் அதற்குமேல் விலக முடியாது.
அவளுடையது துடித்தால்தான் என்னுடையது துடிக்கும்.
முதலில் இசைவு, பிறகுதான் இசை.

நாலாவது பாட்டின் நடுவில்
அவள் பெட்டியின் சிவப்பு விளக்கு
மங்கி, மங்கி,
போய்விட்டது.
அவளுக்காகக் காத்திருந்த என் பெட்டியும்
அந்த அடியிலேயே நின்றது.
பனியைத் தட்டும் பூட்ஸ் ஒன்று வாசலில் கேட்டது.

ஹெல்கா எல்லார் முன்னாலும்
ஸ்வெட்டருக்குள் கைவிட்டு
அக்குளிலிருந்து நாலு பேட்டரிகளை எடுத்தாள்.
ஒவ்வொன்றாக. அவசரமே இல்லாமல்.
விசையை நகர்த்தினாள்.
திரையில் பெயர்ப்பலகை மெல்ல இறங்கி வந்து
‘டிங்’ என்றது.
அறுபது பாட்டுக்குத் தட்டாத கை
அந்த ஒரு டிங்குக்குத் தட்டியது.

பிறகு பாஸ் வந்தது,
உடைந்த பல்லோடு பேசுகிற குரலில்.
குழாய்களிலிருந்து துரு உதிர்ந்து
முன்வரிசைத் தொப்பிகளில் விழுந்தது.

கடைசிப் பஸ்ஸுக்கு ஒயர்களைச் சுருட்டும்போது
ஒரு பெண் வந்தாள், காதில் பஞ்சோடு.
அந்தக் கீழ்ச்சத்தம் எந்தக் கருவி?
“வல்த்தெர்” என்றாள் ஹெல்கா.
அவள் போனில் குறித்துக்கொண்டே கேட்டாள்:
கடைசியில் ‘இ’ வருமா?

ஹெல்கா கொஞ்சம் யோசித்தாள்.
“இடமில்லை” என்றாள்,
கையுறையின் ஜோடியைத் தேடியபடி.